மஞ்சள் துணியில் ஒரு ராஜா தலை

1

கரூர்க்காரர்கள் என்னை வெளியூர்க்காரன் என்று ஒப்புக்கொள்வதே இல்லை. துபாய், சிங்கப்பூர் போனவன் ஊருக்கு வந்தால் செண்ட் பாட்டில் கேட்பார்கள், சௌகரியம் விசாரிப்பார்கள். பெங்களூர்க்காரனிடம் "எப்ப வந்தீங்க, சாயங்காலமே கெளம்பறீங்களா?" என்பதோடு சரி. நான் கடலைத் தாண்டவில்லை, ஓசூரைத் தாண்டினேன், அவ்வளவுதான். காலையில் பஸ் ஏறினால் மதியச் சோற்றுக்கு ஊர் வந்துவிடும். ஆகவே ஊரை நினைத்து ஏங்குகிற உரிமைகூட எங்களுக்குக் கிடையாது.

ஆனால் ஒருவன் போய்த் திரும்பாமல் இருப்பதற்குக் கடல் எல்லாம் தேவையில்லை. என் மச்சினன் குணா அதைக் காட்டிவிட்டுப் போனான்.

குணா என் மனைவி சாந்தாமணியின் தம்பி. தாயில்லாத அந்த வீட்டில் அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள்தான். ஐ.டி.ஐ. முடித்த கையோடு எங்களை நம்பி இங்கே வந்தான். நான் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையின் டூல்ரூமில் இருக்கிறேன். பக்கத்துக் கம்பெனியில் அவனுக்கு காண்டிராக்டில் வேலை கிடைத்தது. ஈஜிபுராவில் எங்களோடுதான் தங்கினான். எட்டு வருஷத்துக்கு முன்னால், ஆடிப்பெருக்குக்கு மறுநாள், அக்கா கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு காலை ஷிஃப்டுக்குக் கிளம்பினான். கம்பெனிக்குப் போய்ச் சேரவில்லை. வீட்டுக்கும் வரவில்லை. மதியத்துக்குள் அவன் போனும் அணைந்துவிட்டது.

வீட்டுப் பக்கத்து ஸ்டேஷனில், வேலைக்குப் போகிற வழியில்தானே காணாமல் போனான், அந்தப் பக்கத்து ஸ்டேஷனில் கொடுங்கள் என்றார்கள். அந்தப் பக்கத்தில், வீட்டிலிருந்துதானே கிளம்பினான், அங்கே கொடுங்கள் என்றார்கள். ஓசூர் ரோட்டு நெரிசலில் இரண்டுக்கும் நடுவே நான் பந்தாடப்பட்டேன். கடைசியில் புகாரை எழுதிக்கொண்ட ஏட்டு, "மனேல்லி ஜகளா ஆய்த்தா?" என்றார். வீட்டில் சண்டையா என்கிறார். சண்டை இல்லை, கடன் இல்லை, காதல் இல்லை என்று என் அரைகுறைக் கன்னடத்தில் சொல்லி முடித்தேன். அவர் பேனாவை மூடிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். காரணமே இல்லாமல் ஒருவன் போவான் என்று அவர் நம்பவில்லை. நாங்களும் இன்றுவரை நம்பவில்லை.

அதன் பிறகு இரண்டு முறை பிணவறைக்கு வந்து அடையாளம் பார்க்கச் சொன்னார்கள். நான் மட்டும் போனேன். இரண்டும் அவன் இல்லை. இரண்டு முறையும் சந்தோஷத்தோடு வெளியே வந்தேன். யார் வீட்டுப் பிள்ளையையோ பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டிருக்கிறேன் என்பது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

இன்றும் நாங்கள் அதே ஈஜிபுரா வீட்டில்தான் இருக்கிறோம். இரண்டாம் மாடியில் ஒரு ஹால், ஒரு அறை. கை நீட்டினால் எதிர்வீட்டுக் கம்பியைத் தொடலாம். தினமும் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் என் ஆயுசில் ஒரு பங்கு கரைகிறது. கம்பெனிக்குப் பக்கத்தில், ஹெப்பகோடியில், இதே வாடகைக்கு வெயில் விழுகிற வீடு கிடைக்கும். ஒவ்வொரு வருஷமும் கேட்பேன். ஒவ்வொரு வருஷமும் சாந்தாமணி ஒரே பதிலைச் சொல்வாள்.

"அவனுக்குத் தெரிஞ்சது இந்த வீடு ஒண்ணுதானுங்க. வந்து கதவத் தட்டுனா வேற யாராச்சும் தொறப்பாங்க. அப்ப அவன் எங்க போவான்?"

இதற்கு மேல் எந்தப் புருஷன் பேசுவான்? நானும் மறுநாள் காலையில் பஸ் பிடிக்கப் போய்விடுவேன்.

2

அவன் போன மூன்றாம் நாள் அவள் காசு முடிந்தாள்.

உங்களுக்குத் தெரியாத வழக்கம் இல்லை. காய்ச்சல் என்றாலும் கல்யாணம் தட்டிப்போனாலும் ஒரு காசை மஞ்சள் நனைத்த துணியில் முடிந்து சாமி படத்தடியில் வைப்போம். வேண்டியது நடந்ததும் கோயிலுக்குக் கொண்டுபோய் உண்டியல் முன்னால் அவிழ்த்துப் போடுவோம். யாரும் அதற்கு ஒரு ரூபாய்க்கு மேல் முடிய மாட்டார்கள். சாந்தாமணி மட்டும் குணாவின் பெட்டியைத் திறந்து அவனுடைய ராஜா காசை எடுத்தாள்.

அது அமராவதி ஆற்றில் கிடைத்தது. ஆற்று மணலைச் சலித்துப் பழங்காசு பொறுக்குகிறவர்கள் நம்மூரில் உண்டே, அவர்கள் சலித்து ஒதுக்கிய குவியலிலிருந்து பள்ளிக்கூட வயதில் அவன் கண்டெடுத்தான். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. கறுத்த வெண்கலம். ஒரு பக்கம் ஒரு ராஜாவின் தலை, வலது பக்கம் பார்த்தபடி; கூரான மூக்கு, நெற்றியைச் சுற்றி ஒரு பட்டை. மறுபக்கம் தேய்ந்து மொழுக்கென்று இருக்கும். நம்மூர் ராஜா இல்லை, சீமை ராஜா என்பான் குணா. எங்கள் மகள் நிவேதாவோடு அவன் அதை வைத்துத்தான் தலையா பூவா போடுவான். பூவே இல்லாத காசு. நிவி எப்போதும் தலை என்பாள், அவனும் விட்டுக்கொடுப்பான். கடைக்குப் போய்க் கடலைமிட்டாய் வாங்கி வருவது எப்போதும் அவன்தான்.

அந்தக் காசை மூன்று முடிச்சாக முடிந்து சாந்தாமணி சொன்னாள்: "தாயே செல்லாண்டியம்மா, அவன் வந்ததும் அவன் கையாலயே கொண்டாந்து போட வெக்கிறேன்." அன்றிலிருந்து அந்த முடிச்சு சாமி அலமாரியில், விளக்குக்குப் பின்னால் இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் அலமாரியைத் துடைப்பவள் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வைப்பாள். நகர்த்தக்கூட வேறு யாரையும் விட்டதில்லை.

இந்த ஆனியில் ஊரிலிருந்து போன் வந்தது. பேசியவர் தங்கவேல், சாந்தாமணியின் அண்ணன்.

"மாப்ள, மழையில ஊட்டுச் செவுரு ஒரு பக்கம் சாஞ்சுருச்சுங்க. கட்டறதுக்கும் வழியில்ல, விக்கறதுக்கும் வழியில்ல. எங்க மூணு பேரு பேர்லயில்ல கெடக்குது."

"ஒந்து நிமிஷா மச்சான், அவகிட்ட குடுக்கறேன்" என்றேன்.

"ஒந்து நிமிஷாவா? செரி போங்க, நீங்க கன்னடக்காரராவே ஆயிட்டீங்க" என்று சிரித்தவர், உடனே குரலை இறக்கினார். "அவகிட்ட நீங்களே சொல்லுங்க மாப்ள. ஏழு வருசத்துக்கு மேல தகவல் இல்லைன்னா, ஆளு இல்லைன்னு கோர்ட்ல சொல்லி வாங்கிக்கலாமாம். வக்கீலு எல்லாம் எழுதி வெச்சுட்டாரு. அவ கையெழுத்துதான் பாக்கி. எனக்கு மட்டும் ஆசையா? எத்தன நாளைக்கு மாப்ள?"

மச்சான் கெட்டவர் இல்லை. தம்பியைத் தேடி ஒரு வருஷம் ரயில்வே ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்தவர். அவர் சொன்னதை அப்படியே சாந்தாமணியிடம் சொன்னேன். அவள் தையல் மெஷினை நிறுத்தாமல் கேட்டாள். அக்கம்பக்கத்து அபார்ட்மென்ட்களுக்கு அவள் பிளவுஸ் தைக்கிறாள்.

"தகவல் இல்லைன்னு எழுதியிருக்கறது நெசந்தான். ஆனா நான் கையெழுத்து போட்டா அது பொய்யாயிருமுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு தங்கவேல் மச்சான் கூப்பிடும்போதெல்லாம் அவள் மெஷினை வேகமாக மிதித்தாள்.

3

நிவிக்கு இப்போது பத்தொன்பது வயது. கல்லூரியில் படிக்கிறாள். கன்னடம் தண்ணீராய்ப் பேசுவாள், தோழிகளோடு ஆங்கிலம், எங்களோடு தமிழ். தமிழ் எழுத வராது. கரூருக்குக் கூப்பிட்டால் பரீட்சை என்பாள். சாமி, நேர்த்தி என்றால் அவளுக்கு ஒரு சின்னச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்கு என்னிடம் மருந்து இல்லை. அவள் வயதில் நானும் சிரித்தவன்தான், ஆனால் சிரித்துவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டேன்.

ஆடி பிறந்த ஒரு வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது போனை நீட்டினாள். வகுப்போடு ஒரு அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கிறாள். கண்ணாடிக்குள் ஒரு சின்ன வெண்கலக் காசு. வலது பக்கம் பார்க்கும் தலை, கூர்மூக்கு, நெற்றிப்பட்டை.

"அப்பா, இங்க பாருங்க, உங்க ஊர் காயின். ரோமன் எம்பரராம். கரூர்ல கெடச்சதுன்னு போட்டிருக்கு."

உங்க ஊர். அந்த வார்த்தையில் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். அவள் பிறந்தது கரூர் ஆஸ்பத்திரியில்தான். ஆனால் சண்டைக்குப் போக முடியுமா? அவள் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது?

"மாமா காயின் மாதிரியே இல்ல?" என்றாள். சாந்தாமணி படத்தைப் பார்த்தாள். ரசம் ஊற்றினாள்.

மறுநாள் எனக்கு அரைநாள் வேலை. மதியத்துக்கு மேல் மாடி ஏறி வந்தபோது கதவு திறந்திருந்தது. ஹாலில் சாந்தாமணி தரையில் உட்கார்ந்திருந்தாள். தைத்த பிளவுஸைக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருக்கிறாள், பை இன்னும் தோளில் இருந்தது. நிவி சுவரோரம் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருவருக்கும் நடுவில் மஞ்சள் துணி விரிந்து கிடந்தது. அதன் மேல் ராஜா தலை.

"சும்னே ஒரு போட்டோ எடுத்துட்டு மறுபடி கட்டிடலாம்னுதான் அப்பா" என்றாள் நிவி. "ரெண்டும் சேமான்னு எங்க காலேஜ் மேம் கேட்டாங்க. சேம்தான். மியூசியத்துக்கே குடுத்துட்டாகூட சேஃபா இருக்கும்..."

"நிவி, உள்ள போ" என்றேன்.

"முடிச்சுதானேப்பா? நானே கட்டிடறேன்!"

சாந்தாமணி கத்தவில்லை. கத்தியிருந்தால் எல்லோருக்கும் நன்றாக இருந்திருக்கும். அவள் அந்தத் துணியைத் தடவிக்கொண்டிருந்தாள். வெளிப்பக்கம் சாயம் போய் வெளுத்திருந்தது. மடிப்புக்குள் மட்டும் நேற்று நனைத்தது மாதிரி மஞ்சள் அப்படியே இருந்தது.

"விடுங்க, அவளத் திட்டாதீங்க" என்றாள். "அவுந்துருச்சு."

அவிழ்த்தது யார் என்று கேட்கவில்லை. அவிழ்ந்துவிட்டது என்றாள். அதைக் கேட்டதும்தான் எனக்குப் பயமாக இருந்தது.

4

ஞாயிறு காலையில் ஊரில் இருக்கிற செல்லாண்டியம்மன் கோயில் பூசாரிக்குப் போன் போட்டேன். முடிந்த காசு கோயிலுக்கு வராமல் வீட்டிலேயே அவிழ்ந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"வேண்டுனது நடந்துச்சுங்களா?"

"இல்லீங்க."

"நடந்தா உண்டியல்ல போடோணும்."

"நடக்காட்டி?"

அவர் கோழியை விரட்டுகிற சத்தம் கேட்டது. "நடக்காதத யாருங்க கொண்டாராங்க? அத எங்கிட்ட யாரும் கேட்டதே இல்லீங்களே" என்றார்.

யோசித்தால் அவர் சொன்னது சரிதான். உண்டியலில் விழுவது எல்லாம் பலித்த காசு. பலிக்காத காசுகள் எத்தனை வீட்டு அலமாரிகளில், எத்தனை விளக்குகளுக்குப் பின்னால் கிடக்கின்றனவோ, அதற்குக் கணக்கு வைத்துக்கொள்ள ஆளில்லை.

போனை வைத்ததும் சாந்தாமணி சொன்னாள்: "அந்தக் காச எனக்குக் காட்டுங்க. படத்துல இல்ல, நேர்ல."

மூவருமாகப் போனோம். பெங்களூரில் இத்தனை வருஷமாக இருக்கிறோம், சாந்தாமணி அருங்காட்சியகத்துக்குள் கால் வைத்தது அன்றுதான். சிலைகளையெல்லாம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நிவியின் பின்னால் நேராக நடந்தாள். ஒரு மூலையில் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் வரிசையாகக் காசுகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு சீட்டு. நிவி கன்னடத்தையும் ஆங்கிலத்தையும் படித்துத் தமிழில் சொன்னாள். வெண்கலம். ரோமப் பேரரசர். பெயர் தெளிவில்லை. கிடைத்த இடம் கரூர்.

"பேரு தெரியலையா?" என்றாள் சாந்தாமணி.

"எழுத்து தேஞ்சுபோச்சும்மா. யாருன்னு கரெக்டா சொல்ல முடியலையாம்."

"ஒரு ராசாவுக்கே இந்தக் கதி."

அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணாடியில் அவள் மூச்சு படிந்தது. நான் அந்த முகத்தைப் பார்த்தேன். எங்கோ கடலுக்கு அப்பால் இருந்தவன். அவன் தலையை அச்சடித்த காசு கப்பலேறி மிளகுக்கோ துணிக்கோ கைமாறி, நம்ம ஆற்று மணலில் புதைந்து, கடைசியில் இந்தப் பெட்டிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. காசு ஊர் விட்டு ஊர் வந்தது எல்லோருக்கும் தெரிகிறது. அதைக் கொண்டுவந்தவன் திரும்பிப் போனானா என்று எந்தச் சீட்டிலும் எழுதவில்லை.

காவலுக்கு நாற்காலியில் இருந்தவர் எழுந்து வந்தார். எங்கள் பேச்சைக் கேட்டிருப்பார், தமிழிலேயே பேசினார். கண்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ்.

"அம்மா, கிளாஸ் மேல கை வெக்காதீங்கம்மா. இன்னா, சொந்த ஊரா?"

"ஆமாங்க" என்றாள் சாந்தாமணி. "இத யாருங்க இங்க குடுத்தாங்க?"

"யாருக்கும்மா தெரியும்? நா வர்றதுக்கு முன்னயே இருக்குது. எவன் கைல இருந்துச்சோ, எவன் உட்டுட்டுப் போனானோ. இத்தினி வருசத்துல இது என்துன்னு கேட்டு ஒருத்தரும் வர்ல."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் சாந்தாமணி நிமிர்ந்துவிட்டாள். புடவைத் தலைப்பால் கண்ணாடியில் படிந்திருந்த தன் மூச்சைத் துடைத்தாள்.

"இதையும் எவளாச்சும் முடிஞ்சு வெச்சிருப்பா" என்றாள். வாசலுக்கு வந்து படி இறங்கும்போது, என்னைப் பார்க்காமலே, "அண்ணங்கிட்டச் சொல்லிருங்க. வந்து கையெழுத்து போடறேன்" என்றாள்.

5

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிவி உட்கார்ந்திருந்தாள். தூரத்தில், வருஷக்கணக்காகப் பாதியில் நின்றிருந்த மேம்பாலத்தின் தூண்கள் தெரிந்தன. வேலை தொடங்கிய புதிதில் அவளை இங்கே கூட்டிவந்து அவற்றை எண்ணிக் காட்டியவன் குணாதான்.

"அப்பா, அம்மா ஏன் சைன் பண்றாங்க?"

"எப்படியும் ஒரு நாள் போட வேண்டியதுதானே கண்ணு."

"பொய் சொல்லாதீங்கப்பா. இத்தன வருஷம் பண்ணல. நான் அவுத்த மறுநாள் பண்றேங்கிறாங்க."

அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"மாமாவ நான்தான் சாகடிச்சுட்டேனாப்பா?"

நேர்த்தியென்றால் சிரிக்கிற பெண். துணியில் முடிந்தால் ஆள் வருவானா என்று என்னிடமே வாதாடியவள். அவளுக்குள் இது இத்தனை ஆழத்தில் கிடக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. பிள்ளைகள் நம்மைவிட்டு விலகிப்போகிறார்கள் என்று வெளியூரில் இருக்கிற நாங்கள் ஓயாமல் புலம்புகிறோம். நம்மிடமிருந்து எதையெதை எடுத்துக்கொண்டு விலகுகிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. காசு வேற, ஆளு வேற" என்றேன். எனக்கே நம்பிக்கையில்லாத குரலில் சொன்னால் அவள் எப்படி நம்புவாள்? அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. சாமி அலமாரி இருந்த பக்கமே போகவில்லை. கரூருக்கு நானும் வருகிறேன் என்று அவளாகவே சொன்னாள்.

எல்லாவற்றையும் சாந்தாமணி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். காசை வெறும் சிமிழில் போட்டு வைத்திருந்தாள். துணியைத் துவைத்து மடித்துவிட்டாள்.

6

ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் கரூர் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் கோர்ட் விடுமுறையோ என்னவோ, வக்கீல் அன்றே வரச் சொல்லிவிட்டார். சின்ன அறை, சத்தம் போடுகிற மின்விசிறி. தங்கவேல் மச்சான் ஏற்கெனவே வந்து ஓரமாக நின்றிருந்தார். வக்கீல் எழுதியிருந்ததை முழுக்கப் படித்துக் காட்டினார்.

"செத்துட்டான்னு எங்கீங்க எழுதியிருக்குது?" என்று சாந்தாமணி கேட்டாள்.

"அப்படி எழுதலீங்கம்மா. உசுரோட இருக்கறதா கேள்விப்படலைன்னுதான் போட்டிருக்கு. மத்தத கோர்ட் சொல்லிக்கும்."

அவள் பேனாவை வாங்கி, நிதானமாக, முழுப்பேரையும் தமிழில் எழுதினாள். நிவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தங்கவேல் மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே போனார்.

மறுநாள் பெருக்கு. ஆற்றில் தண்ணீர் ஓரளவு போனது. படித்துறையில் பெண்கள் முளைப்பாரி விட்டுக்கொண்டிருந்தார்கள். மச்சான் என்னைத் தள்ளிக்கொண்டு போய், "அந்தக் காச ஆத்துலயே உட்டறச் சொல்லுங்க மாப்ள. ஆத்துல வந்தது ஆத்தோட போவட்டும். அவளுக்கும் மனசு ஆறும்" என்றார். நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது.

அதைச் சாந்தாமணியிடம் சொன்னேன். அவள் நிவியைப் பார்த்தாள். படித்துறைக்கு மேலே, வேப்பமரத்தடியில், ஒன்றும் சாப்பிடாத முகத்தோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். எல்லாப் பெண்களும் தண்ணீரில் இறங்கி விளையாட, இவள் மட்டும் தண்ணீரைப் பார்க்கவே பயந்தவள் மாதிரி இருந்தாள்.

"வாங்க, கோயிலுக்குப் போலாம்" என்றாள் சாந்தாமணி.

செல்லாண்டியம்மன் கோயிலில் அன்று கூட்டம். வாசல் கடையில் மஞ்சள்தூள் வாங்கி, பையிலிருந்து மடித்த அந்தப் பழைய துணியை எடுத்து, குழாயடியில் நனைத்துப் பிசைந்தாள். துணி மறுபடி பளிச்சென்று ஆனது. சிமிழிலிருந்து காசை எடுத்து நிவியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"தலையா, பூவா?" என்றாள்.

நிவி அம்மாவைப் பார்த்தாள். "தலை" என்றாள்.

"அப்பறம் எதுக்கு அழுவற? கையெழுத்து கோர்ட்டுக்குப் போட்டது கண்ணு. ஊட்டுச் செவுத்துக்குப் போட்டது. அது வேற, இது வேற. நீ அவுத்தா அவுந்துருமா அவன் ஆயுசு? புடி."

காசைத் துணியில் வைத்து, நிவியின் விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மூன்று முடிச்சுப் போட்டாள். சன்னதியைப் பார்த்து, பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு உரக்கச் சொன்னாள்: "தாயே, குணா வந்ததும் அவன் கையாலயே கொண்டாந்து போட வெக்கிறேன்."

நிவி குலுங்கிக் குலுங்கி அழுதாள். அழுது முடித்ததும் பசிக்கிறது என்றாள். பிரகாரத்தில் உட்கார்ந்து புளிசாதத்தை அவள் அள்ளிச் சாப்பிட்டதைப் பார்த்தபோது, பூசாரிக்குத் தெரியாத விடை என் மனைவிக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவள் இன்னும் காத்திருக்கிறாள், அவள் நம்பிக்கை போகவில்லை என்று எனக்கும் ஒரு நிம்மதி. நானும் ஒரு வாய் சாப்பிட்டேன்.

அதற்கு மறுநாள், குணா போன அதே நாளில், காலை பஸ்ஸில் திரும்பினோம். கிருஷ்ணகிரி தாண்டியதும் நிவி அம்மாவின் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனாள். மஞ்சள் முடிச்சு அவள் கைக்குள் இருந்தது. சாந்தாமணியிடம் கொடுக்க மாட்டேன், வீட்டுக்குப் போய் நானே அலமாரியில் வைப்பேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தாள்.

அத்திப்பள்ளி தாண்டி, சந்தாபுரா தாண்டி, பொம்மசந்திரா வந்தது. என் கம்பெனிப் புகைக்கூண்டு தெரிந்தது. வழியில் லாரி ஏதோ நின்றுவிட்டதால் பஸ் ஊர்ந்தது. ஹெப்பகோடிக் கடைகள் ஒவ்வொன்றாக ஜன்னலைக் கடந்தன. மாடிகளில் துணி காய்ந்தது, சில கம்பிக் கதவுகளில் வாடகைக்கு என்று பலகை தொங்கியது. சாந்தாமணி ஜன்னல் வழியே அந்த வீடுகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"நிவி தூங்கறாளா, பாருங்க" என்றாள்.

குனிந்து பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. "நல்லாத் தூங்கறா."

அவள் மகளின் முடியை ஒதுக்கிவிட்டாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"இங்கயே ஒரு வீடு பாருங்க. ஆவணியில மாறிக்கலாம்."

எட்டு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது அது. நான் நிவியின் கைக்குள் இருந்த மஞ்சள் முடிச்சைப் பார்த்தேன்.